தம்பிக்கும் ஒரு பலகை

கேள்வி: மூத்தவள் இரண்டாம் வகுப்பு. சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் ஹோம்வொர்க்குக்கு உட்கார்ந்தால் போதும், மூன்று வயதுக்காரன் ஓடிவந்து நோட்டைப் பிடுங்குகிறான், பென்சிலைக் கடிக்கிறான், கணக்கு நோட்டில் கிறுக்கிவிட்டு ஓடுகிறான். செல்போனைக் கொடுத்தால்தான் வீடு அடங்குகிறது. வேறு வழி உண்டா டீச்சர்?
– ஒரு தாய், அம்பத்தூர் ஓ.டி.

பதில்: அவன் தொந்தரவு செய்யவில்லை அம்மா, அட்மிஷன் கேட்கிறான். வீட்டுக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடம் நடக்கிறது. அதில் அக்காவுக்கு இடம் உண்டு, தனக்கு இல்லை. மூன்று வயதில் இதைவிடப் பெரிய அநியாயம் எது? இடத்தைக் கொடுத்துவிடுங்கள், முக்கால்வாசிச் சண்டை தீரும்.

நிஜமான இடத்தைத்தான் சொல்கிறேன். பரணில் மணைப் பலகை ஒன்று கிடந்தால் இறக்கித் துடையுங்கள். இல்லாவிட்டால் ஒரு சின்னப் பாய் போதும். அக்காவுக்குப் பக்கத்தில், ஆனால் அவள் நோட்டுக்குக் கை எட்டாத தூரத்தில் போடுங்கள். அது தம்பியின் பலகை. அவனைக் கேட்காமல் அதில் யாரும் உட்காரக் கூடாது, அப்பாவும்தான்.

அடுத்தது வரிசை. பெரியவளை முடித்துவிட்டுச் சின்னவனிடம் போகலாம் என்றுதான் எல்லா வீட்டிலும் நினைக்கிறோம். அதைத் திருப்பிப் போடுங்கள். முதல் பத்து நிமிடம் சின்னவனுக்கு. அடுப்பை அணைத்துவிட்டு, போனைத் தள்ளி வைத்துவிட்டு, அவன் பலகைக்கு எதிரே தரையில் உட்காருங்கள். பசி தீர்ந்த பிள்ளை தானாக மடியை விட்டு இறங்குவதில்லையா? அதுபோலத்தான் இதுவும். அந்தப் பத்து நிமிடம் கிடைத்தவன் அடுத்த இருபது நிமிடம் உங்களை விட்டுவிடுவான்.

பலகையில் என்ன வேலை? திங்கட்கிழமை ஒரு தாம்பாளத்தில் ரவையைப் பரப்பிக் கொடுங்கள். விரலால் கோடு இழுக்கட்டும், உள்ளங்கையால் அழிக்கட்டும். செவ்வாய்க்கிழமை துணி காயப்போடுகிற கிளிப் பதினைந்தும் ஒரு பழைய டப்பாவும். விளிம்பைச் சுற்றி மாட்டிக் கழற்றுவான். அந்தக் கிளிப்பை அழுத்துகிற இரண்டு விரல்தான் பின்னால் பென்சிலைப் பிடிக்கப் போகிறது. இன்னொரு நாள் பழைய செய்தித்தாளை நீள நீளமாகக் கிழிப்பது. இன்னொரு நாள் சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை. தினம் ஒன்றுதான், மற்றவை கண்ணில் படக் கூடாது. நான்கையும் ஒரே நாளில் இறக்கினால் நான்கும் நான்கு நிமிடத்தில் தீர்ந்துவிடும். ரவை கொட்டுமே என்கிறீர்களா? கொட்டும். பெருக்குவதும் அவன் பாடம்தான், கையடக்கமாக ஒரு துடைப்பம் கொடுங்கள். பயறு, பட்டாணி, வேர்க்கடலை மட்டும் வேண்டாம். மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்கிற வயது இது.

கேள்வி: மூன்று வயது முடிந்தும் பையன் இன்னும் ‘அ’ எழுதவில்லை. “ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா” என்கிறார் என் மாமனார்.
– பாடி

பதில்: பழமொழியே ஐந்து என்றுதானே சொல்கிறது? இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது மாமா என்று மரியாதையாகச் சொல்லுங்கள். மூன்று வயதுக் குழந்தை பார்த்து வரையக் கூடியது ஒரு வட்டம். கூட்டல் குறி வருவதற்கு நான்கு வயது ஆகும். நம் ‘அ’வில் சுழி, வளைவு, நேர்கோடு எல்லாம் ஒன்றாக இருக்கின்றன. மணிக்கட்டு எலும்புகளே முழுசாக உருவாகாத கை அது. 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் 3 முதல் 8 வயது வரையை ஒரே அடித்தளப் பருவமாக வைத்து, விளையாட்டு வழியாகவே கற்கட்டும் என்கிறது. மாமாவிடம் இன்னொன்றும் நினைவுபடுத்துங்கள். விஜயதசமியன்று பேரன் கையைப் பிடித்து எதில் எழுத வைப்பார்? தட்டில் பரப்பிய அரிசியில், விரலால். பென்சில் இல்லாமல்தான் நம் ஆட்கள் தொடங்கியிருக்கிறார்கள்.

கேள்வி: என் ஒன்பது வயது மகள் ஸ்கேலும் கையுமாகத் தம்பிக்குப் பாடம் நடத்துகிறாள். பார்க்க ஆசையாக இருக்கிறது. ஆனால் தப்பாகச் சொன்னால் அவனைச் சுவரைப் பார்த்து நிற்க வைக்கிறாள். விடலாமா, தடுக்கலாமா?
– கொரட்டூர்

பதில்: ஸ்கேலை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு மீதியை விடுங்கள்.

பெரியது சின்னதுக்குச் சொல்லிக் கொடுப்பது நம் ஊர் உலகத்துக்குக் கொடுத்த பாடம். 1789-ல் எழும்பூரில் ராணுவத்தாரின் ஆண் குழந்தைகளுக்காக ஓர் அனாதை இல்லம் தொடங்கினார்கள். அதன் பொறுப்பில் இருந்தவர் ஆண்ட்ரூ பெல் என்கிற ஸ்காட்லாந்துப் பாதிரியார். இங்கே உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதை ஒருநாள் பார்த்தார். தன் இல்லத்திலும் அதைக் கொண்டுவர நினைத்தார், ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். பெரியவர்களால் முடியாததை அவன் செய்து காட்டினான். 1797-ல் பெல் லண்டனில் இதை நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரிலேயே அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றைக்கும் மதராஸ் கல்லூரி என்றுதான் பெயர். நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருந்தானே, அவன் கடல் தாண்டிய கதை இது.

ஆனால் சட்டாம்பிள்ளைக்கும் உங்கள் மகளுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பள்ளி விட்டால் அவன் வேலை முடிந்துவிடும். வீட்டு அக்காவுக்கு மணி அடிப்பதே இல்லை. “தம்பியைப் பார்த்துக்கோ”, “தம்பிக்குச் சொல்லிக் கொடு”, “நீதானே பெரியவ” என்று அரை மணிக்கு ஒருமுறை சொல்லிவிட்டு, அவள் எரிந்து விழுந்தால் நாம் திட்டுகிறோம். அவளுக்குத் தானாகத் தோன்றினால் சொல்லிக் கொடுக்கட்டும், அலுத்தால் எழுந்து போகட்டும். நாம் உத்தரவு போட்ட நிமிடமே அது விளையாட்டு இல்லை, வேலை.

சுவர்த் தண்டனைக்கு ஒரு மருந்து இருக்கிறது. பாத்திரத்தை மாற்றி விளையாடச் சொல்லுங்கள். தம்பி டீச்சர், அக்கா மாணவி. அவள் வேண்டுமென்றே காக்காயை மாடு என்று சொல்ல வேண்டும், செருப்பைக் காதில் மாட்டப் போக வேண்டும். அவன் திருத்துவான். மூன்று வயதில் ஒரு பிள்ளை வாய் திறந்து முழு வாக்கியம் பேச இதைவிடச் சுருக்கமான வழியை நான் பார்த்ததில்லை. அதோடு, சுவரைப் பார்த்து நிற்க வைப்பதை மகள் எங்கே கற்றாள் என்று ஒருநாள் தலை வாரும்போது பதறாமல் கேளுங்கள். சொல்ல அவளிடம் ஏதாவது இருக்கலாம்.

கேள்வி: குழந்தை இடது கையால் சாப்பிடவும் கிறுக்கவும் செய்கிறாள். மாற்றிவிடவா?
– அய்யப்பாக்கம்

பதில்: வேண்டாம். எந்தக் கை என்பதை மூளை முடிவு செய்கிறது, அதோடு மல்லுக்கட்டி ஜெயித்தவர்கள் இல்லை.

கேள்வி: எஸ்டேட்டில் லேத் ஆபரேட்டர். செகண்ட் ஷிஃப்ட் என்றால் வீடு திரும்ப ராத்திரி பன்னிரண்டு ஆகிவிடும். பெரியவன் ஏழு மணிக்கே ஸ்கூல் வேன் ஏறிவிடுவான், சின்னவளோடு காலையில் கொஞ்ச நேரம்தான். நான் என்ன சொல்லிக் கொடுக்க முடியும்?
– ஒரு தந்தை, பட்டரவாக்கம்

பதில்: உங்கள் கையில் இருப்பது எந்த நர்சரி ஸ்கூல் அலமாரியிலும் இல்லாதது சார். நட்டும் போல்ட்டும். மூன்று அளவில் மூன்று ஜோடி எடுத்து வாருங்கள். எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சோப்புத்தூள் போட்டுக் கழுவி, கூர்முனை இருந்தால் ராவிவிட்டுக் கொடுங்கள். எந்த நட்டு எந்த போல்ட்டுக்கு என்று அவள் தேடட்டும். வலது பக்கம் திருகினால் இறுகும், இடது பக்கம் திருகினால் கழலும் என்பதை வாயால் சொல்லாதீர்கள், விரல் கண்டுபிடிக்கட்டும். ஒரே ஒரு கட்டளை: நட்டு ஒவ்வொன்றும் பத்து ரூபாய் நாணயத்தைவிட நன்றாகப் பெரியதாக, ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதைவிடச் சின்னது தொண்டைக்குள் போய்விடும். ரிமோட்டிலும் பொம்மையிலும் இருக்கிற பொத்தான் பேட்டரி அவள் கைக்கு எட்டவே கூடாது. விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துவிடும், ஒரு நிமிடம் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பெரியவனுக்காக ஒன்று சொல்கிறேன். ராத்திரி வந்து கை கால் கழுவியதும், சமையலறை வாசலில் தரையில் சாக்பீஸால் ஒரு படம் பாதி வரையுங்கள். உடம்பு இல்லாத யானைத் தலை, சக்கரம் இல்லாத பஸ். கீழே ஒரு வரி எழுதுங்கள். காலையில் எழுந்ததும் பையன் அந்த வரியைத் தங்கைக்குப் படித்துச் சொல்வான், இரண்டு பேரும் மீதியை வரைவார்கள். நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே உங்கள் வகுப்பு நடக்கும். வாரத்துக்கு இரண்டு நாள் முடிந்தால் போதும்.

கேள்வி: வீட்டில் பூ கட்டிக் கொடுத்துப் பிழைக்கிறேன். பெரியவள் ஆறாவது, உதவியாக இருப்பாள். சின்னவள் மூணு வயசு, பூவைப் பிய்த்துப் போட்டுவிடுகிறாள், நாரை இழுக்கிறாள். இவளை எந்த ஸ்கூலிலாவது தள்ளினால்தான் எனக்கு வேலை நடக்குமா?
– பூந்தமல்லி

பதில்: அம்மா, ஊர்ப் பெயரிலேயே பூ இருக்கிறது. பூவிருந்தவல்லிதானே பூந்தமல்லி ஆனது. உங்கள் தொழிலிலேயே ஒரு மழலைப் பள்ளிக்குத் தேவையான முழுப் பாடமும் இருக்கிறது. அவளுக்கு என்று ஒரு சின்ன முறம், அதில் ஒரு கைப்பிடிப் பூ, வாடியதும் உதிர்ந்ததுமாகக் கொடுங்கள். உங்கள் குவியல் தப்பிக்கும். அதை முதலில் நிறம் பிரிக்கட்டும்: கனகாம்பரம் இந்தப் பக்கம், மல்லி அந்தப் பக்கம். இரண்டு நாள் போனால் மொக்கு தனி, மலர்ந்தது தனி. அடுத்த வாரம் மரிக்கொழுந்தையும் சேர்த்து, கண்ணை மூடிக்கொண்டு வாசனையை வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். இதற்கென்று வாசனைப் புட்டிகள் வாங்கி வைக்கிற பள்ளிகள்கூட இருக்கின்றன.

பிறகு அவளுக்கு வேலை கொடுங்கள், நிஜ வேலை. நீங்கள் கட்டும்போது இரண்டு பூ இப்படி, இரண்டு பூ அப்படி என்று வைப்பீர்கள் அல்லவா? அந்த இரண்டிரண்டை எடுத்து நீட்டுவது அவள் பொறுப்பு. ‘ரெண்டு… ரெண்டு…’ என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருங்கள். ‘இரண்டு’ என்பது சொல்லாக இல்லாமல் விரலில் ஏறிவிடும். அதுதான் கணக்கின் முதல் படி.

முழம் போடும்போது மூன்று பேரும் உட்காருங்கள். அம்மா கையால் ஒரு முழம், அக்கா கையால் ஒரு முழம், பாப்பா கையால் ஒரு முழம். ஒரே சரம், மூன்று கணக்கு வரும். ஏன் என்று பெரியவள் யோசிக்கட்டும். அளவு என்றால் என்ன, எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஸ்கேல் எதற்கு என்பது ஆறாம் வகுப்புப் பெண்ணுக்கு இங்கே விளங்கிவிடும். சின்னவள் தன் முழம்தான் ஜாஸ்தி என்று குதிப்பாள். எண்ணிக்கையில் ஜாஸ்திதானே, குதிக்கட்டும்.

பெரியவளைப் பற்றி ஒரு வார்த்தை. உதவியாக இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பரீட்சை வாரத்தில் அவள் கையில் நார் இருக்க வேண்டாம்.

கேள்வி: மாண்டிசோரி செட் ஒன்று ஆன்லைனில் எட்டாயிரம் ரூபாய். வாங்கினால் பிரயோஜனப்படுமா? பெரியவன் இருக்கிற வீட்டில் எத்தனை நாள் முழுசாக இருக்கும் என்று பயமாகவும் இருக்கிறது.
– முகப்பேர்

பதில்: மரியா மாண்டிசோரி முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தது 1907 ஜனவரி 6-ல், ரோம் நகரின் சான் லொரென்சோவில். கூலி வேலைக்குப் போகிறவர்கள் குடியிருந்த ஏழைப் பகுதி அது. பெற்றோர் வேலைக்குப் போனபின் படிக்கட்டிலும் தாழ்வாரத்திலும் திரிந்த பிள்ளைகள்தான் அவருடைய முதல் மாணவர்கள். அவர்கள் ஆசையாகச் செய்தவற்றில் கை கழுவுவதும், துடைப்பதும், பரிமாறுவதும் உண்டு. மூன்று முதல் ஆறு வயது வரை எல்லோரும் ஒரே அறையில் இருந்தார்கள். உங்கள் வீட்டில் வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒன்றாக இருப்பதை நீங்கள் இடைஞ்சலாக நினைக்கிறீர்கள். அந்த அம்மையார் அதைத் தேடிப் போய் வைத்தார்.

அவர் நம் ஊரிலேயே இருந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. 1939 நவம்பரில், 69-வது வயதில், அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னைக்கு வந்தார். சுமார் 300 பேருக்கு அங்கே பயிற்சி கொடுத்தார். சில மாதப் பயணமாக வந்தவரை உலகப் போர் இங்கேயே நிறுத்திவிட்டது. இத்தாலி எதிரி நாடு ஆனதால் அவர் மகன் மரியோவை ஆங்கில அரசு காவலில் வைத்தது. 1940 ஆகஸ்ட் 31, அம்மாவின் எழுபதாவது பிறந்தநாள் பரிசாக மகனை விடுவித்தார்கள். பிறகு கொடைக்கானலில் தங்கியிருந்தபோது சின்னதும் பெரியதுமாகப் பிள்ளைகள் சேர்ந்து கற்பதைக் கூடவே இருந்து கவனித்தார். 1946-ல்தான் அவர் ஐரோப்பாவுக்குத் திரும்பினார்.

அதனால் எட்டாயிரத்தைப் பெட்டியில் வையுங்கள். டபராவும் டம்ளரும் எடுங்கள். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது ஒரு மாதப் பாடம். சல்லடையும் கோதுமை மாவும் ஒரு பாடம். ரசத்துக்குப் பூண்டு உரிப்பது, கீரை ஆய்வது, வாழைப்பழத்தை மொண்ணைக் கத்தியால் வில்லை போடுவது, கைக்குட்டையை நான்காக மடிப்பது, அண்ணனின் சாக்ஸ் குவியலில் ஜோடி தேடுவது. எல்லாம் நிஜப் பொருள், நிஜ வேலை. பொம்மைத் துடைப்பத்தைக் கொடுத்து ஏமாற்றினால் மூன்று வயதுக்கு நன்றாகவே தெரியும்.

அண்ணன் சாமான் உடைபடும் பயத்துக்கு: அவனுக்கென்று உயரமாக ஓர் அலமாரித் தட்டு. அங்கே இருப்பதைத் தம்பி கேட்டு அழுதாலும் எடுத்துக் கொடுக்காதீர்கள். “சின்னவன்தானே, கொடுத்துடு” என்ற வார்த்தையை ஒரு மாதம் வீட்டில் சொல்லாமல் இருந்து பாருங்கள். தன் பொருள் பத்திரம் என்று தெரிந்த பிள்ளைதான் தானாக எடுத்துக் கொடுக்கும்.

கேள்வி: எனக்கு இங்கிலீஷ் ரைம்ஸ் தெரியாது. மருமகள் ஆபீஸ் போனபிறகு பேத்தியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வீணாகப் போகிறதோ அவள் நாள்?
– ஒரு பாட்டி, திருமுல்லைவாயல்

பதில்: பாட்டி, நீங்கள் தாலாட்டு பாடுவீர்கள், கை கொட்டிப் பாடுவீர்கள், நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுவீர்கள். பிள்ளைத்தமிழ் என்று நம் புலவர்கள் ஓர் இலக்கிய வகையே செய்து வைத்திருக்கிறார்கள். குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்து, தாலாட்டுக்கு ஒன்று, கை கொட்டுவதற்கு ஒன்று, நிலாவைக் கூப்பிடுவதற்கு ஒன்று என்று பாடினார்கள். ஆண் குழந்தை என்றால் கடைசி மூன்று: மணல் வீடு, சின்னப் பறை, சின்னத் தேர். பெண் குழந்தைக்குக் கடைசியில் அம்மானையும் ஊஞ்சலும் வரும். மூன்று வயதுக்கு இவற்றைவிட என்ன வேண்டும்? சொப்புச் சாமானும், கவிழ்த்துப் போட்ட குண்டானும் கரண்டியும், கயிறு கட்டி இழுக்கிற அட்டைப் பெட்டியும் போதும். ஊஞ்சலுக்கு அம்மாவின் பழைய புடவை இருக்கிறது.

பாட்டு தீர்ந்துவிட்டது என்றால் நம் ரயில் லைனையே பாடுங்கள். வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அன்னனூர், ஆவடி. ராகம் உங்கள் இஷ்டம். பத்து நாள் கழித்து நடுவில் ஒன்றை விட்டுவிட்டுப் பாடிப் பாருங்கள், பேத்தி பிடித்துவிடுவாள். ஸ்கூலிலிருந்து வரும் பேரனைத் திருப்பிப் பாடச் சொல்லுங்கள், ஆவடியிலிருந்து தொடங்கட்டும். அவனுக்கு அது சுலபம் இல்லை, அதனால் அவனும் வந்து உட்காருவான்.

ஒரே எச்சரிக்கை. ஊரிலிருந்து கொண்டுவந்த பல்லாங்குழியோடு குன்றிமணி இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். பார்க்க அழகான அந்த விதைக்குள் கொடிய விஷம் இருக்கிறது. சோழியும் புளியங்கொட்டையும்கூட சின்னவள் வாய்க்குப் போகும், நீங்கள் எதிரே உட்கார்ந்தால் மட்டும் எடுங்கள்.

கேள்வி: போன் கொடுக்காமல் சோறு இறங்கவில்லை. எவ்வளவு நேரம் வரை பரவாயில்லை?
– நெமிலிச்சேரி

பதில்: உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது: மூன்று, நான்கு வயதுக்கு நாள் முழுவதும் சேர்த்து ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. அதே பட்டியலில் மூன்று மணி நேரமாவது உடம்பை அசைக்க வேண்டும், 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும் என்றும் இருக்கிறது. நாம் முதல் வரியைப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறோம். ஓடி விளையாடிய பிள்ளைக்குப் பசிக்கும், பசித்த பிள்ளைக்குப் போன் எதற்கு? சாப்பாட்டு வேளையில் அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து அதே சோற்றைச் சாப்பிடட்டும். பெரியது சாப்பிடுவதைப் பார்த்தே சின்னது சாப்பிடும். முதல் நான்கு நாள் அழுகை இருக்கும், ஐந்தாம் நாள் வரை பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தண்ணீரைக் கண்டால் விடமாட்டேன் என்கிறாள். பக்கெட்டிலேயே குடியிருக்கிறாள். சளி பிடிக்குமே?
– திருவேற்காடு

பதில்: சளி தண்ணீரால் வருவதில்லை, கிருமியால் வருகிறது. வெயில் தாழ்ந்தபின் மொட்டை மாடிக்குப் போங்கள். ஒரு சொம்புத் தண்ணீர், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற பழைய பிரஷ். கைப்பிடிச் சுவர் முழுக்க ‘பெயின்ட்’ அடிக்கட்டும். வரைந்தது காய்ந்து மறைவதைப் பார்த்து “எங்கே போச்சு?” என்பாள். பெரிய பிள்ளைக்கு ஆவியாதல் பாடத்தில் வந்திருக்கும், அவனைப் பதில் சொல்ல விடுங்கள். ஒரு சொம்பு, அதற்கு மேல் இல்லை. பக்கெட் தண்ணீரில் தலைகுப்புற விழுந்தால் மூன்று வயதுப் பிள்ளையால் எழ முடியாது, சத்தமும் வராது. விளையாட்டு முடிந்ததும் பக்கெட்டைக் கவிழ்த்து வையுங்கள். வீட்டு வாசலில் இருக்கிற சம்ப்பின் மூடிக்குப் பூட்டு இருக்கிறதா என்று இதைப் படித்த கையோடு போய்ப் பாருங்கள். தண்ணீர் விளையாட்டைப் பெரிய பிள்ளையின் கண்காணிப்பில் விடாதீர்கள், அவனுக்கு எத்தனை வயதானாலும்.

கேள்வி: தெரு முனையில் அங்கன்வாடி இருக்கிறது. அனுப்ப நினைக்கிறேன், கௌரவக் குறைச்சல் என்கிறார் கணவர்.
– பட்டாபிராம்

பதில்: அங்கன்வாடி 1975 அக்டோபர் 2-ல் நாட்டில் தொடங்கிய திட்டம். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு இரண்டு வயதுப் பிள்ளைகளையே சேர்த்துக்கொண்டது. இன்றைக்குப் பெரிய உத்தியோகத்தில் இருக்கிற எத்தனையோ பேர் அந்தச் சோற்றில் வளர்ந்தவர்கள். வாரத்தில் மூன்று நாள் முட்டை உண்டு, ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்று தனிப் பாடத்திட்டம் உண்டு. சாரை அழைத்துக்கொண்டு ஒருநாள் காலை பத்து மணிக்கு நேரில் போய்ப் பாருங்கள். அறை சுத்தமா, அங்கன்வாடி அம்மா பிள்ளைகளோடு தரையில் உட்காருகிறாரா, பிள்ளைகள் சத்தம் கேட்கிறதா? மூன்றும் இருந்தால் சேருங்கள். தெரு முனை என்றால் பெரியவனே ஸ்கூலுக்குப் போகும்போது உங்களோடு கூட வந்து தம்பியை விட்டுவிட்டுப் போவான். எனக்கு அதைவிட அழகான காட்சி கிடையாது.

கேள்வி: அக்காவே தம்பிக்காக எல்லாம் பேசிவிடுகிறாள், அதனால்தான் அவன் பேசவில்லை என்கிறார்கள். மூன்று வயது, இரண்டு சொல் சேர்த்துப் பேசுவதில்லை.
– அன்னனூர்

பதில்: அக்கா மேல் பழி போட்டுக் காத்திருக்காதீர்கள். மூன்று வயதில் சின்னச் சின்ன வாக்கியம் வர வேண்டும், வெளி ஆட்களுக்கும் பெரும்பாலும் புரிய வேண்டும். இந்த வாரமே குழந்தை மருத்துவரைப் பாருங்கள், முதலில் காது கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. சீக்கிரம் போனால் சுலபம், அதற்காகத்தான்.

கேள்வி: எனக்கு எட்டு வயசு. எனக்கு மட்டும் ஹோம்வொர்க், தம்பிக்கு எப்பவும் விளையாட்டு. நாங்க பாண்டி விளையாடும்போது அவனையும் சேத்துக்கணும்னு அம்மா சொல்றாங்க. அவனுக்கு நொண்டியே அடிக்கத் தெரியாது. கட்டத்தை எல்லாம் மிதிச்சிடறான். என் ஃப்ரெண்ட்ஸ் கோவிச்சுக்கறாங்க. நான் என்ன பண்றது?
(நான்கு கோடு நோட்டுத் தாளில், பென்சிலில் வந்த கடிதம்.)
– ஆவடி

பதில்: கண்ணு, உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீ சொல்வது நியாயம். உன் ஆட்டம் உன் ஆட்டம்தான். சாயங்காலத்தில் பாதி நேரம் தம்பி இல்லாமல் உன் ஃப்ரெண்ட்ஸோடு விளையாட உனக்கு உரிமை உண்டு என்று டீச்சரே சொன்னதாகச் சொல்லி அம்மாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு. அந்த நேரம் அம்மா தம்பியை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போவார்கள். சொம்பும் பிரஷ்ஷும் என்ன செய்வது என்று மேலே எழுதியிருக்கிறேன்.

மீதிப் பாதி நேரத்துக்கு ஒரு யோசனை. ஆடத் தெரியாத குட்டிப் பிள்ளைகளை ஆட்டத்தில் பேருக்குச் சேர்த்துக்கொள்வதை ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று சொல்வார்கள், நீயும் கேட்டிருப்பாய். அவன் அவுட் ஆனாலும் அவுட் இல்லை, ஜெயித்தாலும் ஜெயிப்பு இல்லை. நடக்க முடியாதவர்களைக் கேலி செய்கிற மாதிரி இருப்பதால் எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. ஆனால் ‘சப்பாணி’க்குப் பழைய தமிழில் இன்னொரு பொருள் இருக்கிறது தெரியுமா? இரண்டு கையையும் சேர்த்துக் கொட்டுவது. அதனால் உன் தம்பிக்கு ஆட்டத்தில் ஒரு நிஜ உத்தியோகம் கொடு. அவன் தன் பலகையைக் கொண்டுவந்து கோட்டுக்கு வெளியே போட்டு உட்கார வேண்டும். அவன் கை கொட்டினால்தான் அடுத்த ஆள் சில்லைப் போடலாம். அவன் கொட்டும்வரை யாரும், நீயும்தான், காலைத் தூக்கக் கூடாது. கட்டத்தை யாரும் மிதிக்கவில்லையே என்று பார்த்துச் சொல்வதும் அவன்தான். முதல் நாள் தப்பாகத்தான் கொட்டுவான், இரண்டு பேருக்குச் சேர்த்துக் கொட்டுவான், நடுவில் பலகையை விட்டு எழுந்து ஓடுவான். அவன் திரும்பி வரும்வரை ஒரு ஆட்டம் காத்திருப்பீர்களா என்று உன் ஃப்ரெண்ட்ஸைக் கேள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது, பென்சிலிலேயே எழுது.